கோடைத் தக்காளியைச் சமைத்தலும் காத்தலும்

பங்குனி பிறந்துவிட்டால் எம் வீட்டுக் கொல்லையில் ஒரு சங்கடமும் உடன் பிறக்கும். கிணற்று வாய்க்காலின் ஓரமாக எம் அன்னையார் நட்டு வளர்க்கும் நாற்பது தக்காளிச் செடிகளும், தம்முள் பேசிவைத்துக்கொண்டாற்போல, ஒரே காலத்திற் பழுக்கத் தொடங்கும். முதல் வாரத்தில் பழங்கண்டு மகிழ்வோம். இரண்டாம் வாரத்தில் அண்டை வீட்டார்க்கு வழங்குவோம். மூன்றாம் வாரத்திலோ, நார்ப்பெட்டியோடு எம்மைக் கண்ட அண்டை வீட்டார் வேறு தெருவழியே செல்வர். சந்தைக்குக் கொண்டுபோகலாமெனின், அக்காலத்தில் சந்தையிலும் தக்காளி குவிந்து கிடக்கும். ஆகவே காத்துவைத்தல் என்னும் ஒருவழியே எஞ்சுகின்றது. அவ்வழியை எளிதெனக் கருதி யாம் ஒருமுறை செய்த பிழையையும், அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்க்குக் கூறப் புகுகின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு அடுக்களையில் என்ன ஆராய்ச்சி என்று நண்பர் சிலர் நகைப்பர். அவர்கள் விடுதியில் எம்மிடம் தொக்குக் கேட்டு வாங்கியுண்பவர்களே யாதலின், அந்நகைப்பை யாம் பொருட்படுத்துவதில்லை.

சொல்லினின்று தொடங்குதல் எம் வகுப்பின் வழக்கம். தக்காளி என்னும் பெயர் தமிழுக்குப் பழையது, இப்பழமோ புதியது. வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானே முளைத்து, மெல்லிய பைபோன்ற உறையினுள் சிறு கனியைத் தாங்கும் செடியொன்று உண்டு. முன்னாளில் தக்காளி எனப்பட்டது அதுவே. மணத்தக்காளியும் அதற்கு உறவினதே. கடல் கடந்து வந்த பெருங்கனி அவற்றை ஒத்திருக்கக்கண்ட நம் முன்னோர் அதனைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் விருந்தினன் வீட்டுக்காரன் ஆயினான். சீமை என்னும் அடைமொழி உதிர்ந்தது. வேலியோரத்துத் தக்காளியை இன்று பலர் அறியார். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிற் காட்டுச்செடியாகத் தோன்றி, மெக்சிகோவிற் பயிராகி, ஸ்பானியர் வாயிலாக 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது இப்பழம். இத்தாலியராகிய மத்தியோலி என்னும் மருத்துவர் 1544-இல் இதனைக் குறித்துள்ளார். ஆங்கே பலர் இதனை நஞ்செனக் கருதி நெடுங்காலம் அஞ்சினர். லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயரின் பிற்பகுதிக்கு ஓநாயின் பீச்சுப்பழம் என்பதே பொருள். சங்கப் பாட்டுக்களிற் புளியும் மிளகும் உண்டு. தக்காளியும் மிளகாயும் இல்லை. எம் ஆச்சியின் இளமைக்காலத்திலும் இரசத்துக்குப் புளி ஒன்றே. தக்காளி இட்டால் அது விருந்துநாள் என்று பொருளாம். புளியைப்பற்றிய இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். பின்னர் அது பயன்படும்.

நிற்க, பழங்கள் யாவும் ஒருங்கே வருதற்குக் காரணம் யாது? மார்கழி முதலில் நாற்று விட்டுத் தைப்பிறப்பையொட்டிப் பிடுங்கி நட்டால், பங்குனி நடுவிற் பழம் பறிக்கலாம். சித்திரை வெயில் கடுமையாகிப் பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்து, இரவும் குளிராது போயின், மகரந்தம் வலியிழந்து பூக்கள் பிஞ்சாகாமலே உதிரும். ஆகவே மாசியில் பூத்த பூக்களே கோடைத் தக்காளி ஆகின்றன. அவை முதிரும்போது வெப்பம் மற்றொரு தீங்கும் செய்கின்றது. பழத்திற்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் பொருள் 30 பாகைக்கு மேல் நன்கு உண்டாவதில்லை. மஞ்சள் தரும் பொருளோ உண்டாகிக்கொண்டே இருக்கும். கொடுவெயிலிற் செடியிலேயே விட்ட பழம் மஞ்சளோடிய செம்மையாய் வெளிறிப் போதற்கு இதுவே காரணம். எம் அன்னையார் பழத்தின் அடிப்பகுதி சற்றே சிவக்கத் தொடங்கிய நிலையில், செங்காயாகவே பறித்து, நிழலான அறையில் வைக்கோல்மேற் பரப்பிவிடுவார். மூன்று நான்கு நாளில் அவை செக்கச்சிவந்து நிற்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தலை யாம் விரும்புவதில்லை. மிகுந்த குளிர் பழத்தின் மணத்தைக் கெடுத்துவிடும்.

சமைத்தலைப்பற்றி யாம் விரிக்க வேண்டுவதில்லை; இதனைப் படிப்பார் வீடுதோறும் எம்மினும் வல்லவர் உளர். ஆயினும் சில சொல்லுவோம். பருப்பு வேகுமுன் தக்காளியை அதனோடு இடுதல் பிழை. புளிப்புப் பருப்பின் மேற்றோலை இறுக்குமாதலின், விறகும் எரிவாயுவும் வீணாகப் பருப்போ கல்லாய் நிற்கும்; பருப்பு மலர வெந்தபின்னரே தக்காளி சேர்த்தல் முறை. இனி, விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான கூழைச் சிலர் பிழிந்து எறிவர். இரசத்துக்குச் சுவை தருவது பெரும்பாலும் அக்கூழே. குளுட்டாமிக் அமிலம் என்னும் சுவைப்பொருள் சதையிலும் அதிலேயே மிகுதி. லைக்கோபீன் எண்ணெயிற் கரைவது. ஆதலின் பச்சையாய் உண்டதிலும் எண்ணெயில் வதக்கியுண்ட தக்காளியினின்றே உடல் அதனை நன்கு ஏற்கின்றது. வைட்டமின் சி-யோ சூட்டில் குறையும். இரண்டும் வேண்டுவோர் ஒருவேளை பச்சடியும் ஒருவேளை குழம்புமாக உண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் குழம்பில் நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி நான்கைக் கையாற் பிசைந்துவிட்டுக் கொதிக்கவிடும்போது எழும் மணத்தை எழுத எம் நடைக்கு ஆற்றல் இல்லை.

இனி எம் பிழையைக் கூறுவோம்.

இரண்டாண்டுகட்கு முன், கோடை விடுமுறையில், அயல்நாட்டார் தக்காளியைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து ஓராண்டு வைத்திருப்பர் என்று எங்கோ படித்த செய்தி எம் உள்ளத்தைக் கவர்ந்தது. காரமும் புளியும் சேராத தூய தக்காளிச் சாற்றை அவ்வாறு அடைத்தால், சென்னையில் முதற்பேறு நோக்கியிருந்த எம் அக்காவுக்கு அனுப்பலாமே என எண்ணினோம். அவருக்கு அப்போது காரம் ஆகாது. பழுத்துக் குழைந்த பழங்களாகத் தேர்ந்து, வேகவைத்து, மசித்து, ஆறு புட்டிகளில் நிரப்பி, மேலே விரற்கடை ஆழம் நல்லெண்ணெய் ஊற்றி மூடினோம். எண்ணெய் இருக்கக் காற்று எங்ஙனம் புகும், காற்றுப் புகாதபோது கெடுதல் எங்ஙனம் என்பது எம் தருக்கம். ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "புளியும் இல்லை, உப்பும் இல்லை, இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று ஒருமுறை கேட்டார். யாம் விளக்கம் கூறினோம். அவர் மறுமொழி கூறவில்லை.

பன்னிரண்டாம் நாள் நள்ளிரவில் ஒரு புட்டியின் மூடி வெடித்துப் பறந்து, சாறு சுவரெங்கும் தெறித்தது. விடிந்து பார்க்கையில் மற்றொரு புட்டியின் மூடியும் புடைத்திருந்தது. மற்ற நான்கும் அமைதியாயிருந்தன, நிறம் மாறவில்லை, மணமும் வேறுபடவில்லை. அவற்றுள் நல்ல இரண்டை அக்காவுக்கென எடுத்துத் துடைத்து வைத்தோம். ஆச்சி வந்து, ஒன்றும் பேசாமல், ஆறையும் எடுத்துச்சென்று கொல்லையில் ஆழக் குழிதோண்டிக் கொட்டி மூடிவிட்டார். எமக்கு மிக்க வருத்தம். நல்ல சாற்றை வீணாக்கினார் என்று அன்று முழுதும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

கல்லூரி திறந்தபின் வேதியியற் பிரிவின் பேராசிரியர் ஒருவரிடம் இதனை வேடிக்கைச் செய்தியாகக் கூறினோம். அவர் நகைக்கவில்லை. "புடைத்த புட்டிகள் உம்மை எச்சரித்தன. அவற்றிற் பொங்கியது பெரும்பாலும் நொதியாக இருக்கும். புடைக்காத நான்குமே அஞ்சத்தக்கவை" என்றார். அன்று அவர் கூறியதையும், பின்னர் யாம் நூல்களிற் கண்டதையும் சேர்த்து எழுதுகின்றோம்.

மண்ணில் எங்கும் வாழும் கிருமி ஒன்று உண்டு. பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். காற்றிருக்குமிடத்தில் இது வளராது. காற்றற்ற ஈரமான இடமே இதற்கு உவப்பு. நெருக்கடி நேர்ந்தால் கெட்டியான உறையுள் வித்தாக ஒடுங்கும். அவ்வித்து நூறு பாகையிற் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. அழுத்தக் கலத்தில் 121 பாகை வரை சூடேற்றினாலே அழியும். புட்டியுள் அடைபட்டபின் வித்து முளைத்து, நரம்பின் வழியே தசைகளை முடக்கும் கொடிய நஞ்சைக் கக்கும். அந்நஞ்சு உண்டானமைக்கு மணமோ நிறமோ சான்று கூறவேண்டுமென்னும் கட்டாயமில்லை. கெட்டுப்போன இறைச்சிப் பண்டங்களால் வந்த இந்நோயை 1820-இலும் 1822-இலும் முதன்முதல் விரிவாக எழுதியவர் ஜெர்மனி நாட்டு யுஸ்டினுஸ் கெர்னர். அவர் மருத்துவர், புகழ்பெற்ற கவிஞருமாவார். இலக்கிய மாணவராகிய எமக்கு இச்செய்தி ஒரு சிறு ஆறுதல். கிருமியைக் கண்டறிந்து 1897-இல் எழுதியவர் பெல்ஜியத்து எர்மெங்கெம்.

இக்கொடிய கிருமிக்கு ஒரு பகை உண்டு, அது புளிப்பு. புளிப்பினை அளக்க அறிஞர் பி.எச். என்னும் அளவையைக் கையாள்வர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழ்ப்பட்ட புளிப்பில் இக்கிருமியின் வித்து முளையாது. எலுமிச்சையும் புளியும் அவ்வெல்லைக்கு வெகுதொலைவு கீழே நிற்பவை. பருப்பும் இறைச்சியும் கிழங்கும் மேலே நிற்பவை. தக்காளியோ அக்கோட்டின் மேலேயே குடியிருக்கின்றது. சில பழம் கோட்டுக்குக் கீழே, சில பழம் மேலே. வகைக்கு வகை வேறுபடும். ஒரே செடியிலும், செங்காயிற் புளிப்பு மிகுந்தும், குழையப் பழுத்ததிற் குறைந்தும் இருக்கும். யாமோ குழைந்த பழங்களையே தேடித் தேர்ந்தோம். போதாக்குறைக்கு, எண்ணெய் ஊற்றிக் காற்றையும் விலக்கிக் கிருமிக்கு இடம் அமைத்துக் கொடுத்தோம்! எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்பது மெய். புளிப்பும் உப்பும் இல்லாதபோது அது வேறெதனையும் தடுப்பதில்லை. அன்று அவ்விரு புட்டிகளும் சென்னை சென்றிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என எம்மால் உறுதிகூற இயலாது. ஒன்றும் நேராமலும் இருந்திருக்கலாம். ஆயினும் அடுத்த விடுமுறையில் ஊர்சென்றதும் யாம் முதற்கண் செய்தது ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டதே. "அக்கா பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையல்லவா, போதும்" என்றார் அவர்.

இவ்வுண்மையை அறிந்தபின் எம் ஆச்சியின் தொக்கு எமக்குப் புதுப்பொருளாய்த் தோன்றிற்று. இரண்டு கிலோ தக்காளிக்குப் பெரிய எலுமிச்சம்பழ அளவினதாய் இரண்டு உருண்டைப் புளி இடுவார் அவர். தக்காளியே புளிக்கும்போது புளி எதற்கு என யாம் முன்னர்க் கேட்டதுண்டு. தக்காளியிலுள்ள சிட்ரிக் அமிலத்தோடு புளியின் டார்ட்டாரிக் அமிலம் சேரும்போது, கோட்டின்மேல் நின்ற பழம் ஐயமின்றிக் கீழே இறங்கிவிடுகின்றது. செய்முறை வருமாறு. பழங்களைக் கழுவி, ஈரமறத் துடைத்து, நறுக்கி, புளியோடு கல்லுப்புச் சேர்த்து வேகவைத்து மசிக்க வேண்டும். கால் லிட்டர் நல்லெண்ணெயிற் கடுகு தாளித்து, மசியலைக் கொட்டி, மிளகாய்ப்பொடி இட்டு, சிறுதீயிற் கிளற வேண்டும். நீர் சுண்டுங்கால் அது கொப்புளித்துக் கைமேல் தெறிக்கும். நீண்ட பிடியுள்ள அகப்பை கொள்க. எண்ணெய் பிரிந்து ஓரங்களில் நிற்பதே பதம். வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் இறுதியிற் சேரும். எண்ணெய் பிரிதல் என்பது அழகுக்குச் சொன்னதன்று. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர். அந்நீர் பெரும்பாலும் போய்விட்டதென்பதற்கு அதுவே அடையாளம். நீர் குறையவே உப்பும் புளிப்பும் செறிகின்றன. கிருமி குடிக்க நீரின்றித் தவிக்கின்றது. நீர் சுண்டுமுன் அடுப்பினின்று இறக்கிய தொக்கு ஒரு வாரத்திற் பூசணம் பூக்கும்.

பாத்திரத்தைப்பற்றி ஒரு சொல். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்புப் பண்டம் களிம்பேறும், அலுமினியத்தையும் அரிக்கும். கல்சட்டி, மண்சட்டி, எவர்சில்வர் ஆகியன நல்லன. எடுத்துவைக்கப் பீங்கான் சாடி அல்லது கண்ணாடிப் புட்டி. ஈரக்கரண்டி இடுவாரை எம் வீட்டில் மன்னிப்பதில்லை.

இன்னும் எளியது வற்றல். கோடை வெயில் பூவை உதிர்க்கும் பகைவனாயினும் இதற்கு நண்பன். சதைப்பற்று மிக்க பழங்களை நான்காக வகிர்ந்து, இரசத்துக்கு வேண்டுமென்று முன்னர்ச் சொன்ன அந்த விதைக்கூழை வேறு கலத்தில் வழித்து எடுத்துவிட்டு, உப்புப்பொடி தூவி ஓரிரவு வைப்பர். மறுநாள் ஊறிய நீரை வடித்துப் பனையோலைப் பாயிற் பரப்பி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் இடுவர். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடல் வேண்டும். பனி பட்டால் பகலில் உலர்ந்தது இரவில் ஈரமாகும். நான்கைந்து நாளில், வளைத்தால் ஒடியும் பதம் வரும். பத்துக் கிலோப் பழத்துக்கு முக்கால் கிலோ வற்றல் கிடைப்பதே அரிது. சிசிலித் தீவில் பெண்டிர் தக்காளி விழுதை மரப்பலகைகளிற் பரப்பி ஆகஸ்டு மாத வெயிலில் நாட்கணக்கிற் கிளறிக் காய்ச்சி, களிமண் போன்ற கெட்டிப் பதத்தில் எடுத்துவைப்பர் என்று படித்தபோது, கடலுக்கு அப்பாலும் ஓர் ஆச்சி இருக்கிறார் என எண்ணி மகிழ்ந்தோம். ஐப்பசி அடைமழையில் கைப்பிடி வற்றலை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால், அன்றைய குழம்புக்குக் கவலையில்லை.

புட்டியில் அடைக்கும் ஆசை எம்மை முற்றும் விட்டுவிடவில்லை. முறையாகச் செய்வோர்க்கு அதுவும் தீங்கற்றதே. அமெரிக்க நாட்டு வேளாண்மைத் துறையார் வகுத்த விதிப்படி, ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளும் புட்டி ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலப் பொடியோ இடல் வேண்டும். எலுமிச்சைச் சாறு புளிப்பளவு குறித்துக் கடைகளில் விற்கும் புட்டிச்சாறாக இருத்தல் நன்று. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறுபடும். நசுக்கிக் கொதிக்கவைத்த தக்காளியைச் சூட்டோடு நிரப்பி மூடியபின், கடல்மட்டத்தையொட்டிய ஊர்களில், புட்டி கொதிநீருள் மூழ்கி 35 நிமிடம் கிடக்க வேண்டும். மலைமேல் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் ஆதலின், உதகமண்டலத்தில் இதனைச் செய்வோர்க்கு 50 நிமிடம் வேண்டும். மூடி புடைத்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, சிறிதும் சுவைபார்த்தல் கூடாது. சென்ற கோடையில் இம்முறைப்படி நான்கு புட்டிகள் அடைத்தோம். ஆச்சி அவற்றைத் தொட்டுப்பார்த்து, "புளிப்பு விட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனை தொல்லை எதற்கு, வேண்டும்போது கடையில் வாங்கலாகாதோ எனின், 2023 ஜூலையை அன்பர்கள் மறந்திரார். தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்து, சென்னையில் அரசினர் நியாயவிலைக் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்கவேண்டி வந்தது. அதே பழம் வரத்து மிக்க காலத்தில் விலைபோகாமல், ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் உழவர் பறிகூலிக்கும் கட்டாது தவித்த ஆண்டுகளும் உண்டு. ஒரு சாடித் தொக்கால் உழவர் துயர் தீராது. எம் வீட்டு ஜூலை மாதக் கணக்கு மட்டும் சற்றுத் தேறும்.

விதையைப்பற்றிச் சொல்லி நிறுத்துவோம். கலப்பின விதையினின்று வந்த பழத்தின் விதையை மீண்டும் நட்டால் தாயைப்போல் பிள்ளை வாராது. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியார் தந்த பி.கே.எம். 1 போன்ற வகைகளில் விதை எடுத்துவைக்கலாம். நோயற்ற செடியில் நன்கு பழுத்ததைப் பிழிந்து, கூழோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால், விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு அகலும். பின் கழுவி, சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்துவர். இவ்வாண்டு எம் அன்னையார் ஆறு பழங்களின் விதையை அவ்வாறு எடுத்துக் காகிதப் பொட்டலமாகக் கட்டி, ஆச்சியின் சாடிகள் இருக்கும் பலகையின்மேலேயே வைத்திருக்கின்றார். மார்கழியில் நாற்றுப்பாத்தி கட்டும் வேலை எம்முடையது.